அவரே நேரில் வரணும்

"நீங்க என்ன வேணா சொல்லுங்கண்ணே, எங்க வீட்டுக்காரர் பேரை இன்னைக்கே அடிச்சாகணும்."

ஜிம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அந்த அம்மா சத்தம் போட்டார். இந்தப் பக்கம் மேலாளர் நான்.

"ஒரு வருஷ ஒப்பந்தம்மா. நடுவுல விலகணும்னா அவரேதான் நேர்ல வரணும்."

"அவரா விலகுவாரு? விடியறதுக்குள்ள பையைத் தூக்கிட்டு இங்கதானே ஓடி வர்றாரு."

"ஆமாம்மா."

"எட்டு மாசத்துல பதினெட்டு கிலோ போச்சு. மோதிரம் விரல்ல நிக்கலைன்னு நூல் சுத்திப் போட்டிருக்காரு. இது ஜிம்மா, கரும்பு பிழியற மிஷினா?"

"எடையைக் குறைச்சுத் தூக்கச் சொல்றேம்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்குக் காலையில நானே வந்து வாசல்ல உக்காந்துக்கறேன். எந்த மாஸ்டர் அவரைத் தூக்க வைக்கறாருன்னு பார்க்கறேன்."

அந்த அம்மா போனதும் இழுப்பறையைத் திறந்தேன். டாக்டர் சான்றிதழ் கொடுத்தாலும் எங்கள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். அவருடைய கணவர் எட்டு மாதத்துக்கு முன்பே அதைக் கொடுத்து விலகிவிட்டார். புற்றுநோய் மருத்துவமனையின் சான்றிதழ்.

"வீட்ல கேட்டா தினமும் வர்றேன்னு சொல்லிடுங்க சார். பொண்ணு பரீட்சை முடியட்டும்" என்று அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது நாலு தடவை போன் போட்டும் அவர் எடுக்கவில்லை.

நாளைக் காலை அந்த அம்மா வாசலில் காத்திருப்பார். கணவர் வரமாட்டார். இந்தச் சான்றிதழை அந்த அம்மா கையில் நான் கொடுக்கலாமா, கூடாதா? இதைப் படித்தவர்கள் இன்றைக்குள் ஒரு வரி பதில் போடுங்கள்.