ஞாயிற்றுக்கிழமைக் கட்டு

தீக்குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"பத்திய ஏத்துட்டி. காக்கா காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றாள் சித்தி.

அம்மாவின் முதல் வருடத் திதி. படத்துக்கு மாலை போட்டாயிற்று. இலையில் எல்லாம் வைத்தாயிற்று. ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி.

ஏற்ற முடியவில்லை.

சித்தி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியை வாங்கி அவளே ஏற்றினாள். குறை சொல்லவில்லை. அலுப்பு எல்லாருக்கும்தான்.

புகை எழுந்தது.

போன வருடம் இதே புகை. அம்மாவின் இடது மார்பில் புற்று புண்ணாகி உடைந்த பிறகு வீடெங்கும் வாடை. காலையில் இரண்டு பத்தி, மாலையில் இரண்டு பத்தி மகள்தான் ஏற்றினாள். எதற்கென்று அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தாள். என்ன முட்டாள்தனம்.

கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர்தான் முதல் நாளே பத்தியை அணைத்தார். "புகை வேண்டாம்மா, அவங்களுக்கு இருமல் வரும்" என்றார். வாசலுக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, "அவங்களுக்குத் தெரியுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இன்னும் இறங்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே வருவார். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒட்டிக்கொண்ட துணியை மெல்லப் பிரிப்பார். அம்மா துண்டைக் கடித்துக்கொள்வாள். மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவுவார். வாடை அன்றைக்குக் கொஞ்சம் அடங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மார்க்கெட்டில் மீன் என்ன விலை என்று பேசிக்கொண்டே செய்வார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ததே இல்லை. கடைசியில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுத்தான் கிளம்புவார்.

மற்ற நாட்களில் கட்டு நனைந்தால் மகள் அதன்மேல் இன்னொன்றை வைத்துச் சுற்றுவாள். மூச்சை அடக்கிக்கொண்டு.

பிறகு சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தார்.

நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாள். ஒரு நாளாவது அம்மாவை வலியில்லாமல் விடக்கூடாதா என்று கோபமும் வந்தது. கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

வார நாட்களில் ஜவுளிக்கடை வேலை. மூன்று வேளையும் வெளியில் முடிந்துவிடும். ஞாயிறுதான் வீட்டுச் சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய்விடுவாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுவாள்.

அம்மா கூப்பிட்டதில்லை.

அருவருத்தாள் மகள் என்று நினைத்துக்கொண்டேதான் செத்திருப்பாளோ. ஒரு வருடமாக இது ஒன்றுதான் கேள்வி. யாரிடம் கேட்பது?

காகம் எடுத்துவிட்டது. பந்தி உள்ளே நடந்தது. அவள் தனக்குக் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். கால் தானாகப் போனது. கல்லில் உட்கார்ந்தாள்.

மாதா கோயில் பூசை முடிந்து ஜெசிந்தா சிஸ்டர் தாமதமாகத்தான் வந்தார். கழுத்தில் ஜெபமாலை. கை கழுவப் பின்பக்கம் வந்தவர் அவளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னும் இங்கதான் சாப்பிடுதீங்களாம்மா?"

அவள் எழுந்திருக்கப் போனாள். சிஸ்டர் அவள் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார். தானும் படியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் வயதாகிறது.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு நாளும்மா. அம்மாதான் வரச் சொன்னாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு ஒரு நாள்தான் எம்மவ வீட்டுல இருக்கா. புறவாசல்ல உக்காந்து திங்கா. வாடை இல்லன்னா உள்ள வந்து எம்பக்கத்துல உக்காந்து சாப்பிடுவா, வந்து கட்டு மாத்திட்டுப் போங்க சிஸ்டர்னாங்க. கூட ஒரு தடவ வலிக்குமேம்மான்னேன். வலிச்சிட்டுப் போகுதுன்னாங்க."

சிஸ்டர் குழாயைத் திறந்து கை கழுவினார். பழக்கம் போல விரலிடுக்கெல்லாம் தேய்த்தார்.

"நான் கெளம்பும்போது முக்காலிய மட்டும் எடுத்துராதீங்கன்னு சொல்லுவாங்க. அது அப்படியே கெடக்கட்டும்னு."

தட்டு மடியில் கனத்தது.

முக்காலி. ஒவ்வொரு ஞாயிறும் சிஸ்டர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும். சிஸ்டர் மறந்து விட்டுவிட்டார் என்று நினைப்பாள். தூக்கி மூலையில் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இங்கே வருவாள். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் கிடக்கும்.

ஏழு ஞாயிறு.

அழுகை வரவில்லை. சிஸ்டர் பக்கத்திலேயே இருந்தார். தேற்றவில்லை. உள்ளே சித்தி யாருக்கோ பாயசம் ஊற்றும் சத்தம் கேட்டது.

பிறகு தட்டோடு எழுந்தாள்.

"வாங்க சிஸ்டர். சாப்பிடலாம்."

உள்ளே கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. முக்காலி மூலையில்தான் இருந்தது. அதன் மேல் யாரோ வெற்றிலைத் தட்டை வைத்திருந்தார்கள். அதை இறக்கிக் கீழே வைத்தாள். முக்காலியை இழுத்து வந்து, கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், அது ஏழு ஞாயிறு கிடந்த இடத்தில் போட்டாள்.

உட்கார்ந்தாள்.

சோறு ஆறிப்போயிருந்தது. பிசைந்து சாப்பிட்டாள்.

"சித்தி, இன்னும் கொஞ்சம் போடுங்க."