கதவோரம் கிடந்த செருப்பு

மலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போன நீராவி எஞ்சினை, அந்தப் பாதை மூடப்பட்ட பிறகு பூங்காவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் புகுந்துவிடாதபடி அதன் அடுப்புக் கதவைச் செல்வின் வெல்டிங் வைத்து அடைத்தான். முகக் கவசத்தைக் கழற்றியபோது காலடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. துரு சுரண்ட அடுப்புக்குள் இறங்குகிறவர் கதவோரம் செருப்பை விட்டுப் போக வேண்டும். செருப்பு கிடந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது. தொடங்குமுன் உள்ளே எட்டிப் பார்த்ததாகத்தான் ஞாபகம். அது இன்றைக்கா நேற்றைக்கா என்பதுதான் பிடிபடவில்லை.

வேலையை மேற்பார்வை பார்க்கும் பொற்கொடி எல்லோரையும் கூப்பிட்டாள். பெயின்ட் வாளியோடும் உப்புத்தாளோடும் வந்து நின்றார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. எல்லார் காலிலும் செருப்பு இருந்தது.

"இது யாரோடது?"

செல்வின் குனிந்து தொட்டுப் பார்த்தான். உள்ளங்கால் பதிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

பொற்கொடி சுத்தியலை நீட்டினாள். "கதவத் தட்டிப் பாருங்கண்ணே. உள்ள ஆள் இருந்தா சத்தம் வரும்ல."

அவன் அதை வாங்கவில்லை.

"வந்துட்டா?" என்றான்.