துடைத்த சந்தனம்

துண்டு அவிழ்ந்தது.

உள்ளே உள்ளங்கை அளவு பித்தளைக் கண்ணன். தவழும் கண்ணன். ஒரு கையில் வெண்ணெய். நெற்றியில், காலையில் அவள் இட்ட சந்தனம் இன்னும் உதிரவில்லை.

சுங்க மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் அதிகாரி சிலையைத் தொடவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தாள்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

கணவன் தரையைப் பார்த்தான்.

திருவனந்தபுரத்தில் விமானத்துக்குக் காத்திருந்தபோதே அவன் கைப்பேசியை வைத்து வாசித்துக் காட்டியிருந்தான். மாலத்தீவு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

"குடி கொண்டு போவக் கூடாது. பன்னிக்கறி கூடாது. கும்பிடுத செல கூடாது. ஏட்டி, கேக்கியா?"

"கேக்கேன்."

"நம்ம ஆள உமையாள்ட்ட குடுத்தாச்சுல்லா?"

"ம்."

அப்போது கண்ணன் பெட்டிக்குள் இருந்தான். குளித்து, பால் குடித்து, துண்டைப் போர்த்திக்கொண்டு.

பக்கத்து வீட்டு உமையாளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வாசலில் போய் நின்று, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று எப்படிக் கேட்பது? முந்தின நாள் சாயங்காலம் படிவரை போனாள். உள்ளே பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டாள்.

மாமியார் சாவதற்கு முன்னால் கையில் தந்த கண்ணன்.

"ஒரு நாளும் பட்டினி போட்டுராத. பட்டினி போடுத வீட்டுக்கு எந்தப் பிள்ள வரும்?"

டாக்டர்தான் சொன்னார், கொஞ்ச நாள் மருந்தை மறந்துவிட்டு எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. சற்று முன்புதான் யாரோ ஒரு பயணியின் சாராயப் போத்தலுக்குச் சீட்டுக் கட்டி அதற்குள் வைத்தார்கள். திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில். பால் இல்லாமல். இருட்டில்.

"பூஜிக்கானோ?" என்றாள் அதிகாரி.

மலையாளம். தன் அம்மாவின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தபோது பழகியதாம்; பெட்டியைத் திறக்கச் சொன்னபோதே சொல்லியிருந்தாள். கும்பிடவா என்றுதான் கேட்கிறாள்.

ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல மேடம்," என்றான் கணவன். "பொம்மை. எங்க பிள்ளைக்கு உள்ளது."

எங்க பிள்ளை.

அவன் வாயில் அந்தச் சொல் தடுக்கவே இல்லை.

அதிகாரி விரலால் தன் புருவ நடுவைத் தொட்டுக் காட்டினாள். அப்படியானால் இது என்ன?

கணவன் மனைவியைப் பார்த்தான்.

அவள் கை நீண்டது. கட்டைவிரலால் கண்ணனின் நெற்றியைத் துடைத்தாள்.

சந்தனம் காய்ந்திருந்தது. போகவில்லை.

விரலை நாக்கில் தொட்டாள். எச்சில் விரல். மறுபடி அழுத்தித் துடைத்தாள். போயிற்று.

குளிக்காமல் அவள் தொட்டதே இல்லை அந்த நெற்றியை.

ஆனால் அதைப் பார்த்த அதிகாரியின் முகம் இளகிவிட்டது. சிரித்தாள். அவளுக்கும் வீட்டில் இப்படித் துடைத்துவிட ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

"மோனோ, மோளோ?"

மகனா, மகளா.

"மோன்," என்றாள் அவள்.

"பேரெந்தா?"

"வேலவன்."

யோசிக்காமல் வந்துவிட்டது. கணவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மோனே ஆரு நோக்கும்?"

மகனை யார் பார்த்துக்கொள்வார்கள்.

"பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

அதிகாரி தலையை ஆட்டினாள். பெற்றவளுக்குப் பெற்றவள் ஆட்டுகிற ஆட்டு. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்தாள். கண்ணனைத் துண்டில் சுற்றி, மிட்டாயை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து நீட்டினாள்.

"மோனு."

மகனுக்கு.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் எரிந்தது.

வெளியே வந்தால் உடனே கடல். படகில் ஏறி உட்கார்ந்தார்கள். தண்ணீர் பச்சை நிறம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டைப் பிரிக்கவில்லை.

படகு கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனபிறகு கணவன் தொண்டையைச் செருமினான்.

"அப்பம், எங்கப்பா பேரு வைக்கலியா?"

மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். சுடலையாண்டி.

அவள் துண்டுக்கு மேலாகவே தடவிக் கண்ணனின் காதுகளைக் கண்டுபிடித்தாள். அவனுக்குக் கேட்காதபடி இரண்டு விரலால் பொத்திக்கொண்டாள்.

"சும்மா வாயில வந்துது."

"சும்மா வராது."

மற்றக் கையில் மிட்டாய். உள்ளங்கைச் சூட்டில் இளகித் தாளோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. பொய் சொல்லி வாங்கியது. கண்ணனுக்கும் வைக்க முடியாது. தானும் தின்ன முடியாது. கையைப் படகுக்கு வெளியே நீட்டினாள். விரல்களைத் திறந்தால் போதும்.

கணவன் அந்தக் கையைப் பிடித்தான்.

"போடாத."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மிட்டாயை எடுத்தான். தன் சட்டைப் பையில் போட்டான். காற்றில் பறந்த பையின் மூடியை இழுத்துப் பொத்தானை மாட்டினான்.

"அவனுக்குத் தந்ததுல்லா."