மேலே போனவள்

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளே பறந்துகொண்டிருந்தாள்.

பெயரை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. விதவை. பாளையங்கோட்டையில் தனி வீடு. மூக்கின் இடப்பக்கம் மரு.

மருவைக்கூட விடவில்லை மனுஷன்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

நாவலை எழுதியவர் திருச்சபைச் செயலாளர் ஞானாபரணம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுமாதமே உலகத்தை முடித்துவைக்க உட்கார்ந்துவிட்டார். ஊருக்கே கறிச்சோறு போடும் அசனப் பண்டிகையன்று நாவல் வெளியீடு. பிழை திருத்த அவளை விட்டால் சபையில் வேறு யார்?

நாவலில் கர்த்தருடைய வருகை ஞாயிறு ஒன்பதரை ஆராதனையில் நடக்கிறது. விசுவாசிகள் உடலோடு வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள்; முதல் வரிசை முதலில் பறக்கிறது. கமிட்டிக்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள். பெஞ்சில் வேட்டிகளும் பல்செட்டுகளும் மிச்சம்.

பிறகு தாமிரபரணியில் இடுப்பளவு ரத்தம், பதினோரு பக்கத்துக்கு. டீக்கடைக்காரரைத் தேள் கொட்டுவதற்கு மட்டும் நாலு பக்கம். பந்தியில் எலும்பு உறிஞ்சுகிறவர் மாதிரி ரசித்து ரசித்து எழுதியிருந்தார்.



அதிலும் அவள் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டேதான் வந்தாள். இந்தப் பக்கம் வரை.

இந்தப் பக்கத்தில் மகன். இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தவன், அவளுடைய மகன் எமர்சனைப் போலவே. எரிகிற தெருவில் ஓடிவந்து, பூட்டிய வீட்டுக் கதவை அறைகிறான். அம்மா, அம்மா என்கிறான்.

மேலே அம்மா பாடிக்கொண்டே போகிறாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

எமர்சன் இன்று சாயங்காலம் வருகிறான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை, அந்தப் பெண்ணோடு. டீச்சர் வாசலில் ஏற்றுவாளா என்று சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேனாவை மறுபடி திறந்தாள்.

மதியம் ஞானாபரணம் தாள்களை வாங்க வந்தார். முகமெல்லாம் எதிர்பார்ப்பு.

"எரநூத்திப் பன்னெண்டு படிச்சீயளா டீச்சர்? கண்ணு கலங்கிட்டா?"

அந்தத் தாளை நீட்டினாள்.

கடைசி வரியை அடித்துவிட்டுச் சிவப்பில் எழுதியிருந்தாள்: வீட்டுச் சாவி தன்னிடம் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. இறங்கிவிட்டாள்.

இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை.

"மேல போனவ எப்பிடி டீச்சர் எறங்குவா? வேதத்துல அப்பிடி இல்லியே!"

"எறங்கி வந்தவரத்தானே ஐயா டிசம்பர் டிசம்பரா பாட்டுப் பாடிக் கும்பிடுதோம்?"

அவர் தாள்களை அள்ளிப் பையில் திணித்தார். படியிறங்கிச் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னார்.

"கதவச் சாத்திக்கிடுங்க."

அவள் சாத்தவில்லை. ஐந்து மணி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.