வலக்கை

பக்கவாதத்தில் படுத்து எழுந்தபின் இசக்கிமுத்துவின் மெக்கானிக் கடைக்கு வந்த முதல் வண்டி அது. பின்சக்கரத்துப் பேரிங் துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், சூடுகாட்டினார், அசையவில்லை. பழக்கமில்லாத இடக்கையால் ஓங்கிய சுத்தியல் ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு போனது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி பொன்னுத்தாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"குடுங்க, நான் அடிக்கேன்."

திட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ சுத்தியலைக் கொடுத்தார். பேரிங்கின் விளிம்பில் இரும்புக் கம்பியை நிறுத்தி, உணர்வில்லாத வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கிவைத்தார்.

"கையில பட்டுட்டுன்னா?"

"பட்டாலும் அந்தக் கைக்குத் தெரியாது."

அவள் அடித்தாள். பேரிங் மசியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிய அடுத்த அடி அவர் கட்டைவிரலில் விழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, பட்டுட்டா?"

அவர் விரலையே வெறித்துப் பார்த்தார். "வலிக்குது, பொன்னு."

சுத்தியலைப் போட்டுவிட்டு அந்த விரலைப் பிடித்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். சற்றுநேரம் ஊதவிட்டு, அவர் மெல்லக் கையை விடுவித்து மறுபடியும் கம்பியில் வைத்தார்.

"பேரிங் இன்னும் வரல. அடி."