சாட்சி மட்டும்

"அம்மா, ஏன் இப்படி நடுங்கறே? நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லு. போதும்."

ராய்ஸ் குனிந்து, சக்கர நாற்காலியில் இருந்த தாய் ஆர்டித்தின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

மாநிலத் தலைநகர் அகஸ்டாவில், சட்டமன்றக் கட்டடத்தின் விசாரணைக் கூடம் நிரம்பி வழிந்தது. நடக்க முடியாத முதியவர்களைப் பராமரிக்க முதியோர் இல்லங்களுக்கு அரசு கொடுக்கும் பணத்தை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு மசோதா. அதற்காக ஊர் ஊராக அலைந்தவள் கொலீன். அவளுடைய அம்மா ஓர் இல்லத்தில், பக்கத்தில் யாருமில்லாமல் செத்துப்போனாள். அதை அவளால் மறக்க முடியவில்லை.

இன்றைக்கு அவள் நம்பியிருந்தது ஆர்டித்தைத்தான். இல்லத்திலிருந்து மகன் வீட்டுக்குத் திரும்பியவள். கொலீன் அவளைப் பார்க்கப் போன தடவையெல்லாம், ராய்ஸ் ஒரு நிமிடம்கூடத் தாயை விட்டு நகரவில்லை. 'இப்படி ஒரு பிள்ளை எனக்கு அண்ணனாக இருந்திருந்தால்' என்று காரில் வரும்போது அழுதிருக்கிறாள்.

"ராய்ஸ், பின்னால பார்த்தீங்களா?" என்று கிசுகிசுத்தாள் கொலீன். "கடைசி வரிசை. உங்கம்மா இருந்த இல்லத்தோட நிர்வாகி. மசோதாவை எதிர்த்துப் பேச வந்திருக்கா."

"அவளா? வரட்டும்."

"ஆர்டித்தம்மா அவளைப் பார்த்துத்தான் பயப்படறாங்கன்னு நினைக்கிறேன்."

ஆர்டித்தின் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. கொலீன் நகர்ந்து, நிர்வாகியின் பார்வை படாதபடி மறைத்து நின்றுகொண்டாள்.

"அடுத்து, ஆர்டித் பொமெர்லோ" என்றார் குழுத் தலைவி செனட்டர் விங்கேட்.

ராய்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், மேஜைக்கு முன்னால் தானும் உட்காரப் போனான்.

"மன்னிக்கணும். சாட்சி மட்டும் அங்கே இருக்கலாம்."

"மேடம், அவங்களுக்குப் பேச்சு சரியா வராது. நான் எடுத்துக் குடுத்தாத்தான்..."

"எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்க கேக்கறோம். நீங்க பின்னால போய் உட்காருங்க."

ராய்ஸ் அசையவில்லை. கூடமே அவனைப் பார்த்தது. காவலர் ஓரடி முன்னால் வந்தார். தாயின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு அவன் வந்து கொலீன் பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"பயப்படாதீங்க, நல்லாப் பேசுவாங்க" என்றாள் கொலீன்.

ஆர்டித் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"என் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான்" என்று ஆரம்பித்தாள். குரல் தெளிவாகவே இருந்தது. "காலையில ஒரு தடவை திறப்பாங்க. அப்புறம் இருட்டினப்புறம்தான்."

கொலீன் நிமிர்ந்தாள். இதை ஆர்டித் அவளிடம் சொன்னதே இல்லை.

"கூப்பிட்டா டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க. நான் நனைச்சுக்கிட்டா அந்த ஈரத்துலயேதான் கிடக்கணும். 'தண்ணி கேட்டுக் குடிச்சது நீதானே, நீயே அனுபவி'ம்பாங்க. அதனால தண்ணி கேக்கறதையே விட்டுட்டேன்."

கூடத்தில் யாரோ விசும்பினார்கள். கொலீன் திரும்பி நிர்வாகியை முறைத்தாள். அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். 'கேட்டுக்கோ, நல்லாக் கேட்டுக்கோ' என்று மனசுக்குள் கறுவினாள் கொலீன்.

ராய்ஸ் எழுந்தான். "மேடம், அம்மா களைச்சுப் போயிட்டாங்க. நிறுத்திக்கலாம்."

"உட்காருங்க."

"அவங்க குழப்பிக்கிறாங்க மேடம்!"

"ராய்ஸ், விடுங்க, பேசட்டும்" என்று கொலீன் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கை சில்லிட்டிருந்தது. பாவம், தாய் பட்ட கொடுமையை இப்போதுதான் முதல் முறை கேட்கிறான் என்று நினைத்தாள். அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தேன். வந்தாங்க. மறுபடி தட்டாம இருக்கறதுக்காக இந்த விரலை..." ஆர்டித் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் கோணிக் கிடந்தது.

செனட்டர் விங்கேட் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நேரம் மசோதாவை எதிர்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள்கூடத் தலையைக் குனிந்திருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கொலீனுக்குத் தோன்றியது.

"அம்மா" என்றார் தலைவி, மெதுவாக. "அந்த இல்லத்தோட பெயரைச் சொல்லுங்க. இன்னிக்கே ஆள் அனுப்பறேன்."

ஆர்டித் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இல்லத்துல என்னை நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க, மேடம். நான் சொன்னது என் மகன் வீட்டைப் பத்தி. சட்டம் போடுங்க, வேண்டாங்கல. ஆனா எங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, இப்போ நீங்க செஞ்ச மாதிரி, பிள்ளைங்களைப் பின்னால உட்கார வெச்சுட்டு எங்களை ஒரு வார்த்தை கேளுங்க."