லெமூரின் சம்மதம்

கோபக்காரர்களின் வாடையை லெமூர் கண்டுபிடித்துவிடும். அதனால் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போய் அதன் முன்னால் மாப்பிள்ளையை உட்காரவைக்காமல் இப்போதெல்லாம் யாரும் தட்டு மாற்றுவதில்லை. பூங்கோதைக்கு வந்த முதல் இரண்டு வரன்களையும் கண்டதுமே அந்த மடகாஸ்கர் விலங்கு மர உச்சிக்கு ஓடிவிட்டது.

மூன்றாவதாக வந்தவன் திருமாறன். அவன் மடியில் அது தானாகவே வந்து உட்கார்ந்தது.

“பாத்தியாடி, எப்படி ஒட்டிக்கிச்சு! தங்கமான பிள்ளை,” என்று அம்மா பூரித்தாள்.

பூங்கோதை லெமூரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் தேடாமல் அது நேராக அவனுடைய சட்டையின் இடது பைக்குள் போனது. பை காலி. லெமூர் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

“தினமும் கொண்டு வர்ற திராட்சைய இன்னிக்கு மறந்துட்டீங்களா?” என்று பூங்கோதை மெல்லக் கேட்டாள்.

திருமாறன் சிரித்துக்கொண்டே லெமூரின் கையை வெடுக்கென்று தட்டிவிட்டான். அது மர உச்சிக்கு ஓடியது.